64 பிட் என்கிறார்களே, எதில் 64?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று எண்களைச் சொல்வார். ராம் எத்தனை ஜிபி, டிஸ்க் எத்தனை ஜிபி, பிராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸ். நான்காவதாக இன்னொரு எண்ணும் உண்டு. 64 பிட். விண்டோஸுக்குள் இருக்கும், சாஃப்ட்வேர் டவுன்லோடு செய்யும் இடத்தில் இருக்கும். அது எதில் 64 என்று கேட்டுப் பாருங்கள். "லேட்டஸ்ட் சார்" என்று பதில் வரும்.

அந்த 64 என்பது பிராசஸருக்குள் இருக்கும் ரிஜிஸ்டரின் அகலம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாகம் எது என்று என்னைக் கேட்டால் ராமும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, ரிஜிஸ்டர்தான் என்பேன். "வீட்டில் கணக்குப் போடவும் படம் பார்க்கவும் வாங்கியவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எனக்கும் அது தேவையில்லாத சங்கதியாகத்தான் இருந்தது, எங்கள் கீழ் வீட்டு அங்கிள் கூப்பிடும்வரை.

2019-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெருங்களத்தூரில் எங்கள் கீழ் வீட்டில் இருப்பவர் ரிட்டையர் ஆனவர். பேத்திக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கோர் 2 டியோ பிராசஸர், விண்டோஸ் 7, ராம் 2 ஜிபி. மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார். ராமை 8 ஜிபி ஆக்கினால் பறக்கும் என்று சொல்லி, மூவாயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பறக்கவில்லை. அங்கிள் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்திருக்கிறார். "8.00 ஜிபி (3.25 ஜிபி யூசபிள்)" என்று இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ என்ஜினியர்தானே? மீதி நாலே முக்கால் ஜிபி எங்கே போச்சு?" என்றார்.

கடையில் போலி ராம் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் சந்தேகம். ராம் நல்ல ராம்தான். கோளாறு வேறு இடத்தில். அதைச் சொல்வதற்கு முன் ரிஜிஸ்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ரிஜிஸ்டர் என்றதும் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸும் பத்திரப் பதிவு ஆபீஸும் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் இதைப் பதிவகம் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பழகிய சொல் ரிஜிஸ்டர், அப்படியே விட்டுவிடுகிறேன்.

அம்மா சமைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாதச் சாமான் தாம்பரம் மார்க்கெட்டில் இருக்கிறது. அது ஹார்ட் டிஸ்க். வாங்கி வந்தது சமையலறை அலமாரியில் இருக்கிறது. அது ராம். கடுகு, சீரகம், மிளகு எல்லாம் அடுப்புப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அது கேஷ் மெமரி. ஆனால் வெங்காயம் அலமாரியில் இருக்கும்போது அதை நறுக்க முடியுமா? கையில் எடுத்தால்தான் முடியும். அந்தக் கைதான் ரிஜிஸ்டர். கூட்டல், கழித்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் என்று பிராசஸர் செய்யும் வேலை எதுவானாலும் எண் ரிஜிஸ்டருக்கு வந்தாக வேண்டும். பால் பாக்கி 640, பேப்பர் பாக்கி 250. கூட்டச் சொன்னால் பிராசஸர் 640-ஐ ராமிலிருந்து ஒரு ரிஜிஸ்டருக்குக் கொண்டுவரும். 250-ஐ இன்னொன்றுக்குக் கொண்டுவரும். கூட்டி 890-ஐ ஒரு ரிஜிஸ்டரில் வைக்கும். பிறகு அதை ராமுக்குத் திருப்பி அனுப்பும். எக்செல்லில் நீங்கள் போடும் பெரிய பெரிய கணக்குகளும் இப்படித்தான் நடக்கின்றன.

ஏன் இவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும்? வேகம்தான் காரணம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் கடிகாரம் ஒரு வினாடியில் 300 கோடி முறை அடிக்கிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வெளிச்சமே 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். அந்த ஓர் அடியை நம் கணக்கில் ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டரில் இருப்பது அந்த ஒரு வினாடியில் கிடைத்துவிடும். ராமிலிருந்து வர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். இப்போது வரும் எஸ்எஸ்டியிலிருந்து என்றால் சில நாட்கள். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து என்றால் கிட்டத்தட்ட ஒரு வருடம்! பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் புதிது போல ஓடுகிறது என்கிறார்களே, காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

சரி, இவ்வளவு முக்கியமான ரிஜிஸ்டர் எத்தனை இருக்கும்? இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் இரண்டு முறை சரிபார்த்தேன். உங்கள் வீட்டில் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி 64 பிட் பிராசஸரில் புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துவது ஒரு கோருக்கு 16 ரிஜிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 64 பிட், அதாவது 8 பைட். மொத்தம் 128 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு யூனிகோடில் வழக்கமாக 3 பைட் ஆகிறது. அப்படியானால் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த வாக்கியத்தைக்கூட அதற்குள் முழுதாக வைக்க முடியாது. 16 ஜிபி ராம், 512 ஜிபி டிஸ்க் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். வேலை நடப்பது 128 பைட்டில். (படம், வீடியோ வேலைக்கு இன்னும் அகலமான ரிஜிஸ்டர்கள் தனியாக உண்டு. வேகத்துக்காகப் பிராசஸர் தனக்குள் மறைவாகக் கூடுதலாகவும் வைத்துக்கொள்கிறது. புரோகிராம் எழுதுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.) பெரும்பாலான செல்போன்களில் இருக்கும் ஆர்ம் வகை 64 பிட் பிராசஸரில் இந்தப் பொது ரிஜிஸ்டர்கள் 31.

ஆயிரம் ரிஜிஸ்டர் வைத்தால் என்ன என்று தோன்றும். கூட்டு என்று கட்டளை கொடுக்கும்போது எதையும் எதையும் கூட்டி எதில் வைப்பது என்று மூன்று ரிஜிஸ்டர்களின் எண்களைக் கட்டளைக்குள்ளேயே எழுத வேண்டும். 32 ரிஜிஸ்டர் என்றால் ஓர் எண்ணுக்கு 5 பிட். மூன்றுக்கு 15 பிட். 32 பிட் நீளக் கட்டளையில் பாதி அதற்கே போய்விடுகிறது. ஆயிரம் வைத்தால் கட்டளையில் வேறு எதுவும் எழுத இடம் இருக்காது. அதோடு கூட்டம் பெருகினால் தேடி எடுக்கும் நேரமும் கூடும்.

இந்த 16-க்கு வெளியே இரண்டு பேரைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர், அடுத்த கட்டளை ராமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பவர். இவருக்குப் பாடப் புத்தகத்தில் புரோகிராம் கவுண்ட்டர் என்று பெயர். இன்னொருவர், கடைசியாகச் செய்த கணக்கில் விடை பூஜ்யமா, மைனஸா, இடம் போதாமல் வழிந்ததா என்று குறித்து வைப்பவர். இவர் பெயர் ஃபிளாக். ஒரு புரோகிராம் எதிர்பாராமல் நின்றுபோனால் எங்கள் ஆபீஸில் முதலில் பார்ப்பது, நின்ற நொடியில் ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் என்ன இருந்தது என்ற பட்டியலைத்தான்.

பாட்டு கேட்டுக்கொண்டே லெட்டர் டைப் அடிக்கிறீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பது போலத் தெரிகிறது. ஒரு கோர் ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். அம்மா தோசை வார்க்கும்போது போன் அடித்தால் என்ன செய்கிறார்? கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுக்கிறார். பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தோசையைத் திருப்பிப் போடுகிறார். விண்டோஸும் அப்படித்தான். பாட்டு புரோகிராமின் ரிஜிஸ்டர்களில் இருப்பதை எல்லாம் ராமில் ஓரமாக எழுதி வைக்கும். லெட்டர் புரோகிராமுக்கு முன்பு எழுதி வைத்ததை ரிஜிஸ்டர்களில் நிரப்பும். சற்று நேரம் ஓட்டும். மறுபடி மாற்றும். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இது புரிந்துவிட்டால் கடையில் சொல்லும் இன்னொரு விஷயமும் புரியும். "4 கோர், 8 த்ரெட்" என்பார்கள். எட்டு பிராசஸர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டிக் கழிக்கும் இயந்திரம் நான்கு பேருக்குத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோரிலும் இரண்டு செட் ரிஜிஸ்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு செட் ராமிலிருந்து எதற்காவது காத்திருக்கும் நேரத்தில் மற்ற செட்டின் வேலை நடக்கும். ஆகவே 8 த்ரெட் என்பதை 8 கோர் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

இனி அகலத்துக்கு வருவோம். இங்கே என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

நான் படித்தது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட் கொடுப்பார்கள். 8085 இன்டெல் 1976-ல் வெளியிட்ட சிப். அதில் ஏ, பி, சி, டி, இ, எச், எல் என்று ஏழு ரிஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 8 பிட். 4100 என்ற இடத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் குத்திக்கொண்டே போவோம். 3இ என்றால் ஏ ரிஜிஸ்டரில் போடு. 06 என்றால் பி ரிஜிஸ்டரில் போடு. 80 என்றால் பி-யை ஏ-யுடன் கூட்டு. 76 என்றால் நிறுத்து. ஒரு நாள் நான் 200-ஐயும் 100-ஐயும் கூட்டினேன். விடையாக 2சி என்று வந்தது. அந்த எண்முறையில் 2சி என்றால் 44. 200-ம் 100-ம் சேர்ந்து 44! லேபில் இருந்தவரிடம் கேட்டேன். "கேரி 1 என்று பக்கத்தில் எழுது, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கு" என்றார். எழுதினேன், வாங்கினேன்.

நடந்தது என்ன? 8 பிட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள்தான் வைக்க முடியும். 300 அதில் அடங்காது. 256 போக மீதி 44 மட்டும் உள்ளே தங்கியது. வழிந்ததை ஃபிளாக் குறித்துக்கொண்டது. பாத்திரத்தின் அளவு அவ்வளவுதான்.

கீழ் வீட்டு அங்கிளின் கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அந்தக் கதவு எண்ணையும் பிராசஸர் ஒரு ரிஜிஸ்டரில் வைத்துத்தான் தேடிப் போகிறது. 32 பிட்டில் வைக்கக்கூடிய எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அது சரியாக 4 ஜிபி. அதற்கு மேல் வீடு இருந்தாலும் எழுத நம்பர் இல்லை. அந்த 4 ஜிபியிலும் கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்குக் கொஞ்சம் கதவு எண்களை ஒதுக்கியது போக 3.25 மிச்சம். (இதைத் தாண்டக் குறுக்கு வழி ஒன்று உண்டு. விண்டோஸின் சில சர்வர் பதிப்புகளில் அதைத் திறந்துவிட்ட மைக்ரோசாஃப்ட், வீட்டுக்கு விற்ற 32 பிட் விண்டோஸில் 4 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது.)

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், அவருடைய கோர் 2 டியோ 64 பிட் பிராசஸர்தான். ரிஜிஸ்டர்கள் 64 பிட் அகலம். ஆனால் போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ். அது ரிஜிஸ்டரில் பாதியை மட்டும் பயன்படுத்தி ஓட்டிக்கொண்டிருந்தது. 16 ரிஜிஸ்டரில் எட்டைத்தான் தொட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, போட்டோக்களை எல்லாம் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, 64 பிட் விண்டோஸ் போட்டேன். 32-ன் மேலேயே 64-ஐ அப்கிரேடு செய்ய முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். எட்டு ஜிபியும் வந்தது. புதிய ராம் ஒரு பைட் கூட வாங்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

64 பிட்டில் கதவு எண்கள் எவ்வளவு என்று கேட்டால், கணக்குப்படி 1,700 கோடி ஜிபிக்கு மேல். அவ்வளவு தேவையில்லை என்பதால் பிராசஸர்கள் அதில் ஒரு பகுதியைத்தான் உபயோகிக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த அகலம் 2003-ல் ஏஎம்டியின் அத்லான் 64 மூலம் வந்தது.

இன்று கடையில் வாங்கும் புதுக் கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 11 என்பதே 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 32 பிட்டில் வந்த கடைசி விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களும், உறவினர் கொடுத்ததை வைத்திருப்பவர்களும் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற இடத்துக்குப் போய் "சிஸ்டம் டைப்" வரியைப் படியுங்கள். முதலில் சொல்வது விண்டோஸின் அகலம். கமாவுக்குப் பிறகு வருவது பிராசஸரின் அகலம். "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்" என்று இருந்தால் உங்களுக்கும் கீழ் வீட்டு அங்கிள் கதைதான். ராம் வாங்க வேண்டாம், எடைக்கும் போட வேண்டாம். 64 பிட் லினக்ஸை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் 32 என்று இருந்தால் மட்டும் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 8085-ன் ரிஜிஸ்டர் படத்தை வரைந்து விளக்குக என்ற 16 மார்க் கேள்விக்கு நான் முழுப் பக்கம் எழுதியவன். ஏழு ரிஜிஸ்டர் பெயரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் அங்கிள் கேட்ட கேள்விக்கு அன்று உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டுத்தான் மறுநாள் சொன்னேன். 2சி-யும் 3.25 ஜிபியும் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. 8085 பழையது என்பது என் குறை இல்லை. சின்னதாக இருப்பதால் கற்றுக்கொள்ள நல்லதுதான். 300 ஏன் 44 ஆனது என்று நிறுத்தி ஐந்து நிமிடம் பேசாமல் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டதுதான் குறை.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. பெருங்களத்தூரில் லோக்கல் ரயில் ஏறினால் ஒன்பதாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஐஐடி மெட்ராஸ். அங்கே பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014 முதல் சக்தி என்ற பெயரில் பிராசஸர்களை வடிவமைக்கிறார்கள். 2018-ல் ஒன்றை அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்து வாங்கினார்கள். அதே வருடம் இன்னொன்றைச் சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தார்கள். 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளி வேலைக்கான ஐரிஸ் என்ற சிப்பும் வந்தது. இவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுவதற்குச் செய்தவை அல்ல. ஆனால் சக்தியின் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அது பின்பற்றும் ரிஸ்க் ஃபைவ் கட்டளை முறை கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கியது. அதற்கும் லைசென்ஸ் கட்டணம் இல்லை. நான் கல்லூரியில் இருந்த நான்கு வருடமும் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை.

இந்த ரிஸ்க் ஃபைவ் பிராசஸரை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க ரைப்ஸ், ரார்ஸ் என்று இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டளையாக நடத்தி, எந்த ரிஜிஸ்டரில் எந்த எண் மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நான் அன்று விண்டோஸ் போட்டுக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரி, அங்கிளின் பேத்தி, இப்போது பிளஸ் டூ. போன மாதம் அவளுக்கு ரைப்ஸ் போட்டுக் காட்டினேன். 32 ரிஜிஸ்டர்களும் வரிசையாகத் தெரிந்தன. முதல் ரிஜிஸ்டரில் 5 போடச் சொல்லி எழுதினாள். ஓட்டினாள். பூஜ்யமே இருந்தது. மறுபடி எழுதினாள். அப்போதும் பூஜ்யம்.

"அண்ணா, இது ரிப்பேர்" என்றாள்.

ரிப்பேர் இல்லை, அதை வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றேன். அந்த ரிஜிஸ்டரில் எதைப் போட்டாலும் பூஜ்யம்தான் இருக்கும்.

"எப்பவும் பூஜ்யம் வைக்கிறதுக்கு எதுக்கு ஒரு ரிஜிஸ்டர்? வேஸ்ட்டுதானே?"

நல்ல கேள்வி. ஒரு ரிஜிஸ்டரில் இருப்பதை இன்னொன்றில் காப்பி எடுக்க வேண்டும் என்றால் அதோடு பூஜ்யத்தைக் கூட்டினால் போதும், காப்பி என்று தனிக் கட்டளை வேண்டாம். மைனஸ் ஆக்க வேண்டுமா, பூஜ்யத்திலிருந்து கழி. காலியாக்க வேண்டுமா, பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டிப் போடு. ஒரு ரிஜிஸ்டரை விட்டுக்கொடுத்து இத்தனை கட்டளைகளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டாவது ரிஜிஸ்டரில் 5-ஐப் போட்டு அதைக் கழித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.